நெறி தேடும் டாக்டரம்மா

நான் அந்த டாக்டரம்மாவை முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் ஒரு குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் உறை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. தரையில் விரித்த செய்தித்தாளின் மேல் ஈரப் பஞ்சு, துணித்துண்டு, கிழிந்த கையுறை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற லேப் உதவியாளர் செல்விக்கு அழுகை வரும்போல இருந்தது. "நான் அப்பவே பாத்துட்டேன் மேடம். அதுல ஒண்ணும் இல்ல."

"நீ பாத்துட்டே. நான் பாக்கலையே. இன்னொருவாட்டி பாத்துடலாம்."

கடைசிப் பஞ்சுக்குள் அது இருந்தது. பயத்தம்பருப்பு அளவில் ஒரு துண்டுச் சதை. யாரோ ஒருவருடைய இரைப்பைக்குள் குழாய் விட்டு, புற்றுநோயா இல்லையா என்று பார்க்கக் கிள்ளி எடுத்தது. அதை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "வந்துட்டியா ராஜா," என்றார். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கிடைத்தால் ஒரு தாய்க்கு எப்படி முகம் மலருமோ, அப்படி மலர்ந்தது.

பிள்ளைகளே, அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் அவரைப் பற்றி உங்களுக்கு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. ஏனென்றால் உங்கள் பெரியப்பாவின் குடலுக்குள் ஒளிந்திருந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அப்போது நீங்கள் இரண்டு பேரும் கைக்குழந்தைகள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் பெரியப்பா நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், பயிர் வைத்துக்கொண்டிருந்தார். வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலம் என்று அவரே முடிவு கட்டி, துத்திக்கீரை, மோர் என்று மாதக்கணக்கில் ஓட்டிவிட்டார். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புற்றுக்கட்டி. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்தார். கட்டி இருந்த இடத்தோடு ஒரு முழம் குடலை, அதை ஒட்டியிருந்த கொழுப்போடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் இணைத்துத் தைத்துவிட்டார்.

வெட்டி எடுத்ததை வேங்கிக்காலில் இருக்கும் லேபுக்கு வீட்டு ஆட்கள்தான் கொண்டுபோக வேண்டும். தியேட்டரிலிருந்து நர்ஸ் தலையை நீட்டி, "நல்ல பெரிய வாயுள்ள டப்பாவா ஒண்ணு வாங்கிட்டு வாங்க," என்றார். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எனக்குக் கசிவு என்றால் ஜென்மப் பகை. பெரிய வாய் என்றால் மூடி வழியாகக் கசியுமே என்று யோசித்து, நர்ஸ் சொன்னதை விட்டுவிட்டு, வாய் சின்னதாகவும் வயிறு பெரியதாகவும் இருந்த ஊறுகாய் டப்பா ஒன்றை வாங்கினேன். குடலும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அழுகாமல் வைக்கிற ஃபார்மலின் தண்ணீரை மேலே ஊற்றிக் கொடுத்தார்கள். நான் மூடியின் மறையில் டெஃப்லான் டேப்பை நான்கு சுற்று சுற்றி, திருகி இறுக்கினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோது யாரும் பௌர்ணமியைப் பார்க்கவில்லை. பஸ்ஸும் ஆட்டோவும் ஓடவில்லை. கிரிவலப் பாதை முழுக்க ஜனம். நான் ஊருக்குள் திரும்பி வர வேண்டும், அவர்களோ மலையைச் சுற்ற அந்தப் பக்கம் போகிறார்கள். மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் எதிராக நடந்தேன்.

"ஏங்க, வலமா சுத்துங்க. இடமா சுத்தினா பாவம்," என்றார் ஒரு பெரியவர்.

"சுத்தலீங்க, அவசரமா போறேன்."

"பையில இன்னா, பிரசாதமா?"

நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இப்படியாக மத்தியானம் கிளம்பியவன் சாயங்காலம்தான் லேப் வாசலில் வந்து நின்றேன். அப்போதுதான் நான் சொன்ன அந்தக் குப்பைத்தொட்டிக் காட்சி. கிடைத்த துண்டைப் பத்திரப்படுத்திவிட்டு, டாக்டரம்மா என் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு வாங்கினது இதை?"

"நான்தாங்க."

"வாயி எதுக்கு இவ்ளோ சின்னதா?"

"கசியக் கூடாதுன்னு மேடம். டேப்பும் சுத்தியிருக்கேன்," என்றேன் பெருமையாக.

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி சுவரைப் பார்த்தாள்.

"தம்பி, உள்ள போறப்ப இது அல்வா. இந்தத் தண்ணியில ஊறினா கட்டை. இப்ப எப்படி வெளிய எடுக்கறது? அதுவுமில்லாம டப்பா நெறைய குடலு, தண்ணி கம்மி. நடுவுல மருந்து எறங்கியிருக்காது."

என் தோள்பையில் ஹேக்ஸா பிளேடு எப்போதும் இருக்கும். எடுத்து, டப்பாவின் கழுத்தில் வைத்தேன். கை ஆடியது.

"பைப்பு அறுக்கறப்பவும் இப்படித்தான் ஆடுமா?"

"பைப்புன்னா ஆடாது மேடம். உள்ள இருக்கறது எங்க அண்ணன் குடலாச்சே."

"பைப்புன்னு நெனைச்சுக்குங்க. நெசமாவே பைப்புதானே அது."

சிரித்துவிட்டேன். கை நின்றது. டப்பாவின் கழுத்தை வளையமாக அறுத்து எடுத்தேன். அறுத்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சுத்தமான வேலை," என்றார். அடுத்த மூச்சிலேயே, "எங்க ஃப்ரிட்ஜு ஒண்ணு கத்துது. நாளைக்கு வந்து பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

அப்படித்தான் அந்த லேபுக்குள் போய்வர ஆரம்பித்தேன். ஃப்ரிட்ஜைச் சரிசெய்து, "முடிஞ்சுது மேடம்," என்றால் விடமாட்டார். கதவு இடுக்கில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். "இங்க ஒரு ஓரமா குளிரு வருது. இன்னொருவாட்டி பாருங்க." பார்த்தால் கதவு ரப்பரில் முடி அளவு வெடிப்பு இருக்கும். எனக்கு எரிச்சல் வரும். எரிச்சலோடு ரப்பரை மாற்றுவேன். டீக்கடைக்காரருக்கும் இதே கதிதான். கழுவிய கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அண்ணே, இதை இன்னொருவாட்டி," என்பார். அவர் வருவதைப் பார்த்தாலே கடைக்காரர் கிளாஸை இரண்டு முறை கழுவ ஆரம்பித்துவிடுவார். பெரிய டாக்டரும் போனில் பொறுமை இழப்பார். "இன்னும் எத்தனை நாள்தாங்க தேடுவீங்க? பேஷண்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" "தேடறாங்கன்னு சொல்லுங்க சார்," என்று இவர் போனை வைத்துவிடுவார்.

எதைத் தேடுகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கட்டியைத்தான் வெட்டி எடுத்தாயிற்றே. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கால்ல முள்ளு குத்தி சீழ் வெச்சா, தொடையிடுக்குல என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார்.

"நெறி கட்டும்."

"அந்த நெறிதான். ஒடம்பு பூரா இருக்குது. குடலைச் சுத்தின கொழுப்புக்குள்ளயும் இருக்குது. குடல்ல இருக்கற புத்து கெளம்பி வெளிய போனா, முதல்ல போய் நிக்கற எடம் அது. அதுல புத்து இல்லன்னா, பெரும்பாலும் ஆபரேஷனோட முடிஞ்சுது. இருந்தா, மருந்து ஏத்தணும். குறைஞ்சது பன்னெண்டு நெறியாவது பாத்தாத்தான் இல்லன்னு தைரியமா சொல்ல முடியும்."

அந்த நெறிகள் அவரைக்காய் அளவில் எல்லாம் இருக்காது. கடுகளவு, அரிசியளவு. கொழுப்பும் மஞ்சள், அவையும் ஏறக்குறைய அதே நிறம். கண்ணால் பார்த்தால் தெரியாது. கொழுப்பை மெல்லிய துண்டுகளாக அரிந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்காமல் உருட்டுவார். எங்கேயாவது நெருடினால் விரல் நின்றுவிடும். அப்போது கூப்பிட்டால் காதில் விழாது. "மேடம் பேன் பாக்கறாங்க, அப்பால வாங்க," என்று செல்வி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவாள்.

அவருடைய ஆராய்ச்சியும் இதுதான். கொழுப்பை ஒரு கரைசலில் ஊறவைத்தால், கொழுப்பு மஞ்சளாகவே இருக்க, நெறி மட்டும் சுண்ணாம்புப் பொட்டு போல வெளுத்துத் தெரியும். அந்தக் கரைசலில் எதை எவ்வளவு கலந்தால், எத்தனை நேரம் ஊறவைத்தால் தப்பாமல் தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நீள நோட்டில் முதல் தடவை எத்தனை நெறி கிடைத்தது, ஊறவைத்த பிறகு எத்தனை கிடைத்தது என்று எழுதிவைப்பார். இரண்டாம் தடவை ஒன்றுகூடக் கிடைக்காத நாட்களும் உண்டு. அன்றைக்கும் அதே உற்சாகம்தான். "இல்லன்னு தெரிஞ்சுதா இல்லையா? நேத்து அது தெரியாது நமக்கு," என்பார்.

பெரியப்பாவின் ரிப்போர்ட் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முழுக்க ஆங்கிலம். நான் பத்தாவதோடு நின்றவன். எட்டு என்ற எண்ணும், நெகட்டிவ் என்ற வார்த்தையும் புரிந்தன.

"மேடம், நெகட்டிவ்னா நல்லதா, கெட்டதா?"

"நல்லது. எட்டு நெறி கெடைச்சுது, எட்டுலயும் புத்து இல்ல. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்க நான் அங்கே இல்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, வண்டியை எடுத்து, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பறந்துகொண்டிருந்தேன். பெரியப்பா வீட்டு வாசலிலேயே, "சுத்தம்ணா, எல்லாம் சுத்தம்," என்று சத்தம் போட்டேன். பெரியம்மா அழுதார். பெரியப்பா தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தார். வரப்போகிற பட்டத்துக்கு மல்லாட்டை விதைக்குச் சொல்லி அனுப்பினார். ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு வரி நீளமாக ஏதோ இருந்தது. அதை நாங்கள் யாரும் எழுத்துக் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து டாக்டரம்மாவே போன் செய்தார். "தம்பி, ரிப்போர்ட்ல கடைசி வரி படிச்சீங்களா?"

"இல்லீங்க."

"எட்டு பத்தாது, மறுபடியும் தேடறோம்னு எழுதியிருந்தேன். அந்தக் கொழுப்பை எடுத்துப் புது ஃபார்மலின் தண்ணியில நல்லா ஊறவெச்சு, அப்புறம் என் கரைசல்ல போட்டேன். இன்னும் அஞ்சு கெடைச்சுது." குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பிறகு அது அடங்கியது. "அந்த அஞ்சுல ஒண்ணுல இருக்குது தம்பி. பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அண்ணனுக்கு மருந்து ஏத்தணும்."

பெரியப்பா முடியாது என்றார். பெரிய டாக்டர் போனில் பேசியும் அசையவில்லை. "ஒருவாட்டி நல்லதுன்னு எழுதிக் குடுத்தாங்க. இப்ப கெட்டதுன்றாங்க. நாளைக்கு இன்னா எழுதுவாங்களோ. நல்லா சாப்புடறேன், நல்லா தூங்கறேன். மருந்து ஏத்தி மொட்டையடிச்சு உக்காத்தி வெக்கப் போறாங்களா? எனக்கு வெதைப்பு இருக்குது, நீ போ." பெரியம்மா பக்கத்தில் நின்று, போகச் சொல்லவும் முடியாமல் வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது, சில வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்று பெரிய டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். நேராக லேபுக்குப் போனேன். டாக்டரம்மா உருப்பெருக்கியில் குனிந்திருந்தார்.

"நீங்க தேடாம இருந்திருந்தா எங்க அண்ணன் நிம்மதியா இருந்திருப்பாரு மேடம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா. இருந்திருப்பாரு. கொஞ்ச நாளைக்கு," என்றார்.

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. திரும்பினேன்.

"தம்பி, அவரைக் கூட்டிக்கினு வாங்க. மருந்து சாப்பிடுங்கன்னு சொல்றது என் வேலை இல்ல. ஆனா அவரோடது, அவரு பாக்கணும் இல்ல?"

அவர் நோயாளிகளைப் பார்க்கிறவர் இல்லை. ஆட்களின் குடல்தான் அவரிடம் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். அதனால் செல்விகூட ஆச்சரியமாகப் பார்த்தாள்.

விதை வாங்க டவுனுக்குப் போகலாம் என்று பொய் சொல்லிப் பெரியப்பாவைக் கூட்டிவந்தேன். வேங்கிக்காலில் வண்டியை நிறுத்தியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீ திருந்த மாட்டே," என்றார். ஆனாலும் இறங்கினார். தையல் போட்ட வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு படி ஏறினார்.

"வாங்க. உங்களுது ஒண்ணு எங்கிட்ட இருக்குது. பாக்கறீங்களா?" என்றார் டாக்டரம்மா, வீட்டுக்கு வந்தவரைக் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதுபோல.

பெரியப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, உருப்பெருக்கியில் குனிந்து, ஒரு கண்ணை மூடினார். "கருப்பாத்தான் இருக்குது."

"மூடின கண்ணைத் தொறங்க. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க."

பெரியப்பா தலையை முன்னும் பின்னும் நகர்த்தினார்.

"தோ, தெரியுது. கேவுரு தானியம் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது. ஊதா கலர் கேவுரு."

"சரியா சொன்னீங்க. அந்தக் கேவுரு மொத்தமும் உங்க காவல்காரங்க. அவங்க ஒண்ணாக் கூடியிருக்கற எடம்தான் நெறி. அப்படியே நடுவுக்கு வாங்க."

"வளையம் வளையமா ஏதோ கோணிக்கினு இருக்குது. ஒடைஞ்ச வளையலு மாதிரி."

"அதான் குடல்லேர்ந்து வந்த புத்து."

பெரியப்பா கண்ணை எடுக்கவில்லை. "அப்ப நெறி முழுக்க அவன்தான்."

"இல்லீங்க. நடுவுல மட்டும்தான். சுத்தியும் பாருங்க, கேவுரு எப்படி நெருக்கிக்கினு நிக்குதுன்னு."

"நெறி கட்டினா கெட்டதுன்னுதான நாங்க சொல்லுவோம்," என்றார் பெரியப்பா. அவர் குரல் இறங்கியிருந்தது. "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். இந்த நெறி என் ஆளா, அவன் ஆளா?"

டாக்டரம்மா தன் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கத்துக் குழாய் வழியாகத் தானும் அதைப் பார்த்தார். அந்த உருப்பெருக்கியில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கலாம்.

"உங்க ஆளுதாங்க. வழியில மறிச்சு, அவனை நிக்க வெச்சிருக்காரு. கடுகு சைஸுல ஒருத்தரு."

"தாண்டிப் போயிருப்பானா?"

"தெரியாது."

"நீங்க தேடிப் பாக்கறது?"

"வெட்டி எடுத்ததுல தேடலாம். உங்க ஒடம்புல ஒண்ணு ரெண்டு செல்லு சுத்திக்கினு இருந்தா, அதைத் தேட எங்கிட்ட கருவி இல்ல. என் கையும் அங்க போவாது. மருந்துதான் ரத்தத்தோட போயி எல்லா சந்துபொந்துலயும் தேடும்."

தேடுவதற்கு வழியில்லை என்று அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பெரியப்பா இன்னும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "கடுகு சைஸுல ஒருத்தன் நின்னு அடிவாங்கிக்கினு இருக்கான். நான் வெதைப்புக்குப் போறேன்னு ஓடறதா," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "பெரிய டாக்டருக்குப் போனைப் போடு. எப்ப வரணும்னு கேளு," என்றார்.

ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். மொட்டை ஆகவில்லை, அதற்குப் பதிலாகக் குளிர்ச்சி எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் சொம்பைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும். "ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு அண்ணன், ஐஸைக் கண்டா ஓடறேன்," என்று அவரே சிரிப்பார். சிரிக்க முடியாத நாட்களும் இருந்தன. வாந்தி எடுத்து, போதும், இனி வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்ட நாட்கள். மறுநாள் காலையில் அவரே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார்.

இதற்குள் டாக்டரம்மா வேறு ஊரில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டார். வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான்தான் பெரியப்பாவைக் கூட்டிப்போவேன். ஐந்தாம் வருஷம் முடிந்து, ஸ்கேனைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர், "இதுக்காக இனிமே நீங்க வர வேணாம்," என்றார். பெரியப்பாவுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், களத்தில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லி அவசரமாகப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

நான் ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். யார், எந்த ஊர் என்று எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அஞ்சு வருஷம் முடிஞ்சுது, சுத்தம்னு சொல்லிட்டாங்க மேடம்," என்றேன்.

"ரிப்போர்ட் முழுசா படிச்சீங்களா?"

"கடைசி வரி வரைக்கும் படிச்சேங்க. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்."

ஒரு நாற்காலி தள்ளப்படுகிற சத்தம். அவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த அறையில் இருந்தவர்களைக் கூப்பிடுகிறார். "இங்க வாங்க, எல்லாரும் வாங்க. திருவண்ணாமலை கேஸ் சொல்லியிருக்கேன்ல, ரெண்டாம்வாட்டி கெடைச்ச அஞ்சுல ஒண்ணு. அந்த மனுஷன் நல்லா இருக்காரு. இப்பதான் சொன்னாங்க, நல்லா இருக்காரு." யாரோ ஒரு பெண் கைதட்டினாள். யாரோ ஏதோ கேட்டார்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், நடுவில் டாக்டரம்மா சிரித்தது தனியாகக் கேட்டது.

போனை அணைக்க அவர் மறந்துவிட்டார். நானும் அணைக்கவில்லை. பஸ்ஸும் லாரியும் போகிற அந்த ரோட்டில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டு நின்றேன்.